துறை இருந்தால் போதுமா? ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் கேலிக் கற்பித்தலும் கற்றலும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன் ஆகிய பல்கலைக்கழகங்களில் கேலிக் மொழிக்கு நெடுங்காலமாகவே பாடப்பிரிவுகள் இருக்கின்றன, பட்டமும் வழங்கப்படுகிறது. அப்படியிருக்க, கேலிக் கற்பித்தலுக்கும் கற்றலுக்கும் பல்கலைக்கழகம் தனியாக ஆதரவு தர வேண்டும் என்று திட்டங்கள் தீட்டுவது எதற்காக? அந்த ஆதரவு நடைமுறையில் எப்படி அமைய வேண்டும்?

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்துறைகள் தோன்றிய காலத்தில் மாணவர்களின் நாவில் கேலிக் இருந்தது. அதைப் பற்றிய முறையான கல்விதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்வியை எளிதில் பெற்றுவிடுகிறார்கள்; பேச்சுக்குத்தான் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே, வகுப்பறைக்கு வெளியே கேலிக்கில் பேசிக் கழிக்கும் மணிநேரங்களை உண்டாக்கித் தருவதே பல்கலைக்கழகம் செய்யக்கூடிய முதன்மையான உதவி என்பது என் கருத்து. (இங்கே நான் கேலிக் என்று குறிப்பது ஸ்காட்லாந்தின் மொழியை. அதன் உடன்பிறப்பான ஐரிஷ் மொழியின் நிலை வேறு. அதற்குப் பின்னால் ஓர் அரசே நிற்கிறது.)

இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது என்று பார்த்தால்தான் மற்றவை விளங்கும். 1872-இல் ஸ்காட்லாந்தில் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டத்தில் கேலிக் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தீவுகளிலும் மேட்டுநிலங்களிலும் ஆங்கிலம் அறியாத குழந்தைகள் ஆங்கிலத்திலேயே எழுத்துக் கற்றார்கள். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1882-இல், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கெல்டிக் மொழிகளுக்கான (கேலிக், ஐரிஷ், வேல்ஷ் முதலியன அடங்கிய குடும்பம்) பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. அதற்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டியவர் ஜான் ஸ்டூவர்ட் பிளாக்கி. அவர் அங்கே கிரேக்கப் பேராசிரியர், கேலிக் அவருடைய தாய்மொழியன்று. இருக்கையில் முதலில் அமர்ந்தவர் கொலன்சே தீவைச் சேர்ந்த டொனால்ட் மக்கின்னன். தொடக்கப்பள்ளியில் இடமில்லாத மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கை கிடைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. 1891 கணக்கெடுப்பில் 2,54,415 பேர் கேலிக் பேசுவதாகப் பதிவாயினர். அவர்களின் வீடுகளிலிருந்து வந்த இளைஞர்களுக்குப் பேசக் கற்பிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பழைய ஏடுகள், ஒலிமாற்ற விதிகள், பண்டைய ஐரிஷ் ஆகியவை ஆங்கில விரிவுரைகளின் வழியே கற்பிக்கப்பட்டன. அந்த அமைப்பு நெடுங்காலம் அப்படியே நீடித்தது.

இப்போதைய நிலையை 2022 கணக்கெடுப்பு காட்டுகிறது. பேசத் தெரிந்தவர்கள் 69,701 பேர். பேசுதல், படித்தல், எழுதுதல், புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு திறன் உடையவர்கள் 1,30,161 பேர். 2011-இல் இவை முறையே 57,602, ஏறத்தாழ 87,000. எண்கள் கூடியிருக்கின்றன என்று மகிழலாம். ஆனால் மொழியின் கோட்டையாகக் கருதப்பட்ட மேற்குத் தீவுகளில் பேசுவோரின் பங்கு 52 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகக் குறைந்து, முதன்முறையாகப் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் குறைய, பள்ளியிலும் செயலியிலும் மாலை வகுப்பிலும் கற்றவர்கள் கூடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து நிற்பவர்களும் இந்த மாற்றத்தின் விளைவுதான்.

அவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். மூவருக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல என்பதை ஏற்காத பாடத்திட்டம் மூவருக்குமே பயன்படாது.

முதல் வகையினர் லூயிஸ், தெற்கு உயிஸ்ட், ஸ்கை போன்ற தீவுகளில் பாட்டியிடமும் தாயிடமும் மொழியைப் பெற்றவர்கள். எண்ணிக்கையில் இவர்களே குறைவு. பேச்சில் இவர்களுக்குத் தடை கிடையாது. எழுதச் சொன்னால் தயங்குவார்கள். இன்றைய எழுத்துமுறையின் அடித்தளம் 1981-இல் தேர்வு வாரியம் வகுத்த மரபு விதிகளில் இருக்கிறது. அவை பின்னர் திருத்தப்பட்டும் வந்துள்ளன. இவர்கள் வீட்டில் பேசும் வழக்கு அந்த விதிகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. தன் பாட்டி நாள்தோறும் சொன்ன ஒரு தொடரைப் பாடநூல் பிழை என்று சிவப்பு மையில் சுழிக்கும்போது, அந்த மாணவர் இழப்பது ஒரு மதிப்பெண்ணை மட்டுமன்று. தன் மொழி தரம் தாழ்ந்தது என்று எண்ணி அவர் ஆங்கிலத்துக்கு ஒதுங்கிவிடுவதும் உண்டு. இவர்களுக்குத் தேவை எழுத்துப் பயிற்சி. அதைத் தொடக்கநிலை மாணவரின் இலக்கணப் பாடத்திலிருந்து பிரித்து, வட்டார வழக்குகளை மதித்துத் தர வேண்டும்.

இரண்டாம் வகையினர் கேலிக் வழிப் பள்ளிகளில் படித்தவர்கள். 1985-இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் ஆங்கிலப் பள்ளிகளுக்குள் சிறு பிரிவுகளாகத் தொடங்கிய இந்த முயற்சி, 2006-இல் கிளாஸ்கோவில் மழலையர் வகுப்பு முதல் மேல்நிலை வரை ஒரே வளாகத்தில் கேலிக்கில் கற்பிக்கும் பள்ளியாக வளர்ந்தது. இம்மாணவர்கள் வரலாற்றையும் கணிதத்தையும் கேலிக்கில் விளக்குவார்கள். மணி அடித்து வகுப்பறைக் கதவைத் தாண்டியதும், நட்பும் சண்டையும் கேலியும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். இப்பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்கள் பலர் பிற்காலத்தில் கேலிக்கை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. இது அவர்களுடைய குறையன்று. ஆசிரியருடன் பேசும் மொழியாக மட்டுமே அவர்களுக்கு அது அறிமுகமாயிற்று. ஒத்த வயதினரோடு புழங்கும் மொழியாக ஆவதற்கு அவர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை.

மூன்றாம் வகையினர் புதிதாகக் கற்க வருகிறவர்கள். 2019 நவம்பரில் டுவோலிங்கோ செயலியில் கேலிக் பாடம் வெளியானது; அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2021-இல் பிபிசி ஆல்பா என்னும் கேலிக் தொலைக்காட்சியின் துணையோடு ஸ்பீக்கேலிக் என்ற விரிவான பாடவரிசையும் வந்தது. அவ்வழியே ஆர்வம் பெற்று வருகிறவர்கள் படிப்பதில் வேகமாக இருப்பார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் தடுமாறுவார்கள். அதற்கு மொழியிலேயே காரணம் உண்டு. கேலிக்கில் சொல்லின் முதல் மெய் இடத்துக்கேற்ப மென்மையாகும். தாய் என்பது மாஹிர். என் தாய் என்றால் மோ வாஹிர். பகர (b) ஒலியில் தொடங்கும் சொற்களும் அதே இடத்தில் வகர ஒலியையே பெறும். எழுத்தில் மூல மெய் மறையாமல் நிற்பதால் படிப்பவருக்குச் சிக்கலில்லை; காதில் விழுவது வகரம் மட்டுமே என்பதால், மூலச்சொல் எந்த மெய்யில் தொடங்கியது என்பதைக் கேட்பவர் நொடிப்பொழுதில் ஊகித்தாக வேண்டும். இந்தத் திறனை எந்த இலக்கண விளக்கமும் தராது. நூற்றுக்கணக்கான மணிநேரம் காதால் கேட்பதுதான் தரும். (தமிழர் ஒருவர் கேலிக் கற்கப் புகுந்தால் சில இடங்களில் ஆங்கிலேயரைவிட எளிதாக நடப்பார். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதே அங்கும் முறை. 'வந்தாயா' என்றால் 'வந்தேன்' என்று வினையாலேயே மறுமொழி சொல்வதும் அவ்வாறே.)

இந்த மூவரையும் மாணவர் எண்ணிக்கை குறைவு என்ற காரணத்துக்காக ஒரே அறையில் அமர்த்துவதுதான் நிர்வாகங்களுக்கு எளிது. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் முதலாண்டில் தொடக்கநிலையினருக்கும் பேசத் தெரிந்தவர்களுக்கும் தனிப் பாடங்கள் இருக்கின்றன. இது சரியான ஏற்பாடு. சிக்கல் மேல் ஆண்டுகளில் இரு ஓடைகளும் ஒன்றுசேரும் இடத்தில் எழுகிறது. தொடக்கநிலையிலிருந்து வந்தவர் அங்கே வாய் திறக்க அஞ்சுவார். தீவிலிருந்து வந்தவர் அவருக்கு இரங்கி ஆங்கிலத்துக்கு மாறுவார். இருவரையும் கெடுக்கும் அன்பு இது. அந்த ஆண்டுகளிலும் மொழிப்பயிற்சிக்கு மட்டும் சிறு குழுக்களைப் பிரித்து வைப்பதற்கான ஆசிரியர் மணிநேரத்தை ஒதுக்குவது, எந்த விளம்பரப் பதாகையைவிடவும் மேலான உதவி.

இனி மணிக்கணக்கு. வாரத்துக்கு 4 மணி நேரம், பருவத்துக்கு 11 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 88 மணி; நான்கு ஆண்டில் 352 மணி. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் தடையின்றி உரையாடத் தக்க பி2 நிலையை எட்டுவதற்கு, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் மதிப்பீடு ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேர வழிகாட்டலுடன் கூடிய கற்றல். ஆங்கிலம் கற்பவருக்கோ தெருவும் திரையும் இணையமும் இலவச ஆசிரியர்கள். பிரெஞ்சு மாணவர் ஓராண்டை லியோனிலோ போர்தோவிலோ கழித்து இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். கேலிக் மட்டுமே புழங்கும் நகரம் உலகில் எங்கும் இல்லை. தீவுக்கே போனாலும், கற்பவரின் உச்சரிப்பைக் கேட்ட அடுத்த நொடியில் கடைக்காரர் மரியாதையின் பொருட்டு ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லிவிடுவார். ஆகவே மற்ற மொழிகளுக்குத் தானாகக் கிடைக்கும் சூழலைக் கேலிக்குக்கு நிறுவனமே திட்டமிட்டு அமைக்க வேண்டியிருக்கிறது.

அப்படி அமைக்க முடியும் என்பதற்குச் சான்று ஸ்கை தீவின் தென்பகுதியான ஸ்லேட்டில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய பண்ணைக் கொட்டிலில், நிலக்கிழார் இயன் நோபிளின் முன்முயற்சியால் 1973-இல் தொடங்கப்பட்டது சவல் மோர் ஒஸ்டெக் கல்லூரி. 1983 முதல் முழுநேரப் படிப்புகள் நடக்கின்றன; இன்று அது ஹைலண்ட்ஸ் அண்டு ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கே விரிவுரை மட்டுமன்றி உணவகம், அலுவலகம், விடுதி, இசைக்கூடம் யாவும் கேலிக்கில் இயங்குகின்றன. ஊடகம், மரபிசை போன்ற பாடங்களையும் அம்மொழியிலேயே படிக்கலாம். கஞ்சி வாங்குவதற்கும் சாவி தொலைந்ததைச் சொல்வதற்கும் அந்த மொழிதான் வேண்டும் என்றாகிவிட்டால், ஓராண்டில் ஒருவர் அடையும் சரளத்தை நகர வளாகத்தில் நான்கு ஆண்டிலும் அடைவது அரிது.

நகரப் பல்கலைக்கழகம் ஒன்று தன்னை ஸ்கை தீவாக மாற்றிக்கொள்ள இயலாது. இருப்பினும் அதன் கையில் சில வழிகள் உண்டு. ஒரு பருவத்தையோ கோடைக்காலத்தையோ ஸ்கையில் கழிப்பதைப் பட்டத்தின் மதிப்பெண்ணுக்குள் சேர்த்து, பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை தரலாம். உதவியில்லாவிட்டால் பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவர் அந்த வாய்ப்பை ஒருபோதும் எடுக்கமாட்டார். சில மாணவர்கள் கேலிக்கில் மட்டுமே பேசுவதாக ஒப்புக்கொண்டு ஒரே குடியிருப்பில் சேர்ந்து வாழும் ஏற்பாட்டைக் கிளாஸ்கோ நடத்தியிருக்கிறது. என்னைக் கேட்டால், செலவுக்கும் பயனுக்கும் உள்ள விகிதத்தில் இதற்கு நிகரான திட்டம் வேறில்லை. பாத்திரம் யார் துலக்குவது என்ற வாக்குவாதத்தில் கற்கும் மொழி மறக்காது. மாணவர் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: கிளாஸ்கோவின் ஒசியானிக் சங்கம் 1831 முதல் இருப்பது, நம் கால்டுவெல் பாதிரியார் அங்கே மாணவராக இருந்த காலத்திலேயே அது இயங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய சங்கங்களுக்கு நிலையான ஓர் அறையும் சிறு ஆண்டுத்தொகையும் கொடுத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

ஆசிரியர் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேலிக் வழிப் பள்ளிகளின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டிருப்பது பெற்றோரின் விருப்பமின்மையன்று; கற்பிக்க ஆள் இல்லாமைதான். கணிதமும் அறிவியலும் கேலிக்கில் கற்பிக்கக்கூடிய மேல்நிலை ஆசிரியர்கள் மிக அரிது. எடின்பரோவில் தொடக்கக் கல்வியையும் கேலிக்கையும் இணைத்த பட்டம் இருக்கிறது. மொழியறியாமல் வருகிறவரும் அதில் சேர்ந்து, மொழியைக் கற்று, ஆசிரியராக வெளியே செல்லலாம். கிளாஸ்கோவிலுள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியும் உண்டு. ஆனால் இயற்பியல் படிக்கும் ஒரு லூயிஸ் தீவு மாணவர், தன் பட்டக் காலம் முழுவதும் கேலிக் துறையின் படியையே மிதிக்காமல் போய்விடுகிறார். அவரைத் தேடிச் சென்று, எழுத்துத் திறனைக் காக்கும் ஒரு விருப்பப் பாடத்தை அவருடைய கால அட்டவணைக்குப் பொருந்துமாறு தருவது பல்கலைக்கழகத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். மொழித்துறை மாணவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தின் கண்ணில் இவர் படுவதே இல்லை.

வேல்ஸ் இதில் முன்னே நிற்கிறது. 2011-இல் அங்கே நிறுவப்பட்ட கோலெக் கம்ரைக் கெனட்லேத்தோல் என்னும் அமைப்புக்குச் சொந்த வளாகம் கிடையாது. பல பல்கலைக்கழகங்களிலும் வேல்ஷ் மொழியில் கற்பிக்கும் விரிவுரையாளர் பணியிடங்களுக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் அது நிதி அளிக்கிறது. சட்டமும் மருத்துவமும்கூட ஓரளவு வேல்ஷ் மொழியில் படிக்க முடிவது இதனால்தான். ஸ்காட்லாந்தில் பேசுவோர் தொகை மிகச் சிறியது என்பதால் அதே அளவில் செய்ய முடியாது. தனித்தனியே நலிந்து கிடக்கும் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையையாவது எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணக் களஞ்சியங்கள் கைவசம் இருந்தும் போதிய அளவு பயன்படுத்தப்படாத செல்வம். எடின்பரோவில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் களப்பணியாளர்கள் மீனவர்களிடமும் குடியானவர்களிடமும் நாடோடிக் கதைசொல்லிகளிடமும் பதிவு செய்த ஒலிநாடாக்களில் பல, தோபர் அன் துவல்ஹிஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் எவரும் கேட்கும்படி இருக்கின்றன. கிளாஸ்கோ தொகுத்து வரும் எண்ணிம உரைக் களஞ்சியம் சொற்களின் உண்மையான புழக்கத்தைக் காட்டுகிறது. அந்த ஒலிப்பதிவுகளை அப்படியே முதலாண்டு மாணவரிடம் நீட்டினால் அவர் மிரண்டுபோவார். இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி, எழுத்துப்படியும் சொற்குறிப்பும் சேர்த்து, கடினத்தின் படி அடுக்கித் தந்தால் அது உயிருள்ள பாடநூல். இதற்கு ஓர் ஆசிரியருக்குக் கற்பித்தலிலிருந்து விடுப்புத் தர வேண்டும், அவ்வளவே. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளை எடின்பரோ ஆய்வாளர்கள் உருவாக்கி வருவதால் எழுத்துப்படி எடுக்கும் சுமையும் குறைந்துவருகிறது. எந்திரம் இயற்றித் தரும் கேலிக் உரையைக் கற்பவர்கள் கையாள்வது பற்றி எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை: பிழையைக் கண்டுபிடிக்கும் தேர்ச்சி பெற்றவருக்கு அது தேவைப்படாது, தேவைப்படுகிறவருக்கு அந்தத் தேர்ச்சி இராது.

நிர்வாகத் திட்டங்களுக்கு வருவோம். 2005 சட்டம் போர்ட் ந காலிக் என்னும் மொழி வாரியத்துக்குச் சட்ட அடித்தளம் தந்தது; பொது நிறுவனங்கள் கேலிக் மொழித் திட்டம் வகுக்க வேண்டும் என்று அந்த வாரியம் கோரலாம். பல்கலைக்கழகங்களின் திட்டங்கள் இப்படிப் பிறந்தவையே. 2025-இல் நிறைவேறிய ஸ்காட்டிஷ் மொழிகள் சட்டம் கேலிக்குக்கும், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஸ்காட்ஸ் மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி அளித்திருக்கிறது. இவற்றால் நன்மை இல்லாமலில்லை: திட்டத்தை நடத்த ஒரு கேலிக் அலுவலர் பணியிடம் உருவாவது பெரிய பேறு, ஏனெனில் துறையின் கதவுக்கு வெளியே மொழியின் சார்பில் பேச ஒருவர் கிடைக்கிறார். குறை என்னவென்றால், எண்ண எளிதானவையே முதலில் செய்யப்படுகின்றன. இருமொழிச் சின்னம், பெயர்ப்பலகை, மின்னஞ்சலின் அடியில் ஒரு வாழ்த்து ஆகியவை ஆண்டறிக்கையில் அழகாக இடம்பெறும். கற்பிப்பவரின் பணி ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு முடிந்து புதுப்பிக்கப்படுகிறதா, மணிக்கணக்கில் ஊதியம் பெறுகிறவர் வகுப்புக்கான முன்தயாரிப்பு நேரத்துக்கும் ஊதியம் பெறுகிறாரா என்பவை அறிக்கையில் வருவதில்லை. 2023 இறுதியில் அபர்டீன் பல்கலைக்கழகம் மொழிப் பட்டங்களைச் சுருக்க முன்வந்தபோது அந்தப் பட்டியலில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றோடு கேலிக்கும் இருந்தது. மொழித் திட்டம் ஒன்று கையில் இருப்பது நிதி நெருக்கடியில் காப்பாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடைசியாக, அடிக்கடி எழும் ஒரு மறுப்பு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, தீவுச் சமூகங்களில் கேலிக்கை அன்றாட மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 11,000 பேரே என்றும், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்றும், போக்கு மாறாவிட்டால் பத்தாண்டுகளில் அந்தச் சமூகப் புழக்கமே அற்றுப்போகும் என்றும் எச்சரித்தது. அதைப் படித்தவர்கள் சிலர், நகரத்துப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணத்தைத் தீவுகளுக்குத் திருப்புங்கள் என்றனர். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. எனினும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை. மாணவருக்கு வேண்டிய பேச்சுநேரம் தீவு முதியவரிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்திடம் ஊதியம் தரும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மேல்வகுப்பு மாணவரையும் ஒரு தீவுப் பேச்சாளருடன் இணைத்து, பருவக் காலத்தில் வாரம் ஒரு மணி நேரம் காணொளியில் உரையாட வைத்து, கோடையில் சில நாள் அவர் ஊரில் தங்கவும் ஏற்பாடு செய்யலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகளை வைப்பேன். அந்த முதியவர் நன்கொடையாக நேரம் தரும் தகவலாளியாக நடத்தப்படக் கூடாது. வளாகத்தில் பயிற்சி வகுப்பு எடுப்பவருக்குரிய அதே மணிநேர ஊதியம் அவருக்கும் பணிப்பட்டியலில் ஏற வேண்டும். மேலும், மாணவர் தேர்வில் லூயிஸ் வழக்கில் பேசினாலும் தெற்கு உயிஸ்ட் வழக்கில் பேசினாலும் அது பிழையாக எண்ணப்படாது என்று மதிப்பீட்டு விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.